செவ்வாய் இரவு, எட்டரை மணி

என் பெயரை யாரும் கேட்டதில்லை.
கைப்பிடியைச் சுழற்றி ‘சென்ட்ரல்’ என்பார்கள்,
நான் வந்துவிடுவேன்.
நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் முடிந்து
பனி தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர்.
நூற்றுப் பதினேழு தொலைபேசிகள்.
வங்கிக்கு மேல்மாடியில் நான் ஒருத்தி.

செவ்வாய் எட்டரைக்குப் பலகை செத்துவிடும்.
ஒரு தகடுகூட விழாது.
திருமதி ஹ்ரூபி தன் மூட்டுவலியை
ஒன்பது மணிக்குத் தள்ளிவைப்பாள்.
எனக்கு இடது காதில் கம்பிகள்,
வலது காதில் கொலை.

அன்று செத்தவன் பியானோக் கடை முதலாளி.
விதவை, மைத்துனன், சுருதி கூட்டுகிறவன்,
அதிகம் பேசாத ஒரு பால்காரன்.
காலடி ஓசை என்பது
யாரோ ஒரு பலகைமேல் செருப்பைத் தட்டுவது,
தெரியும்.
ஆனாலும் என் மாடிப்படியை
இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.
துப்பறிகிறவர் தீக்குச்சி கிழித்தார், மிக நிதானமாக.
கொலைகாரனைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும்
சுருட்டு ஏன் சீக்கிரம் பற்றுவதில்லை?

எட்டு ஐம்பத்தாறு. நாற்பத்து மூன்றாம் தகடு விழுந்தது.
எமில் கோஸ்டல். “சென்ட்ரல், வெராவுக்கு வலி.
மூன்று வாரம் முந்தி.”
என் வானொலியை அணைத்தேன்.
டாக்டர் ஷிமெக் எடுத்த எடுப்பில் கேட்டார்:
“இரண்டு நிமிடம் பொறுக்காதா?”
பொறுக்காது என்றேன்.
செக் மொழியில் ஏதோ சொன்னார்,
அது பிரார்த்தனை இல்லை.

எமில் ரிசீவரைத் தொங்கவிட்டே ஓடியிருந்தான்.
கம்பி வழியே அவன் சமையலறை வந்தது:
கொதிக்கும் கெண்டி, ஒரு நாய்,
அப்புறம், நான் அணைத்த அதே கொலை.
“கதவைத் தாழிடுங்கள். கொலை செய்தது
வேறு யாருமில்லை, இந்த...”

வெரா கத்தினாள்.
எந்த ஸ்டூடியோவிலும்
எந்த நடிகையாலும் முடியாத கத்தல்.
அது ஓய்ந்தபோது மூன்று பெண்கள்
சோப்புத்தூளைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வினாடி வினா.
டாக்டருக்கோ பனியில் ஒன்பது மைல்.
க்ளிக். க்ளிக். அதே கம்பியில் இருந்த வீடுகள்
ஒவ்வொன்றாக ரிசீவரை எடுத்தன.
மூச்சுகளை எண்ணினேன், ஆறு.
ஒருவரும் பேசவில்லை.
ஒட்டுக்கேட்பது குற்றம்,
அன்று நான் யாரையும் விரட்டவில்லை.

“சீட்டுக்கட்டில் ஒற்றைக் கண் ஜாக்குகள் எத்தனை?”
கடிகாரம் டிக் டிக் என்றது.
வெரா பல்லைக் கடித்தது கேட்டது.
ஓமாஹாக்காரர் ஒருவர் நான்கு என்றார், மணி அடித்தது.
“இரண்டு,” என்று கம்பியில் யாரோ முணுமுணுத்தார்கள்.
“உஷ்,” என்றது இன்னொரு வீடு.
கதவு திறந்தது, பூட்ஸ் சத்தம், பலகையில் தட்டியதல்ல.
அறுபது டாலர் கேள்வி வந்தது.
அதன் கடிகாரம் முடியும் முன்பே
அழுகை வந்துவிட்டது, கோபமாக, சரியான விடைபோல.
ஆறு மூச்சுகளும் ஒன்றாக விட்டன.

மறுநாள் கொலைகாரனை விசாரித்தேன்.
முந்தின இரவுக் காற்றில் ஒலி கரகரத்ததாம்.
முடிதிருத்துகிறவர் மைத்துனன் என்றார்.
பாதிரியார் விதவை என்றார், கொஞ்சம் திருப்தியோடு.
திருமதி ஹ்ரூபிக்கு ஆரம்பத்திலிருந்தே
பால்காரன்மேல்தான் கண்.
வெராவுக்கு நினைவில்லை.
“அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருந்தது.”

எமில் கூப்பிட்டான். “சென்ட்ரல், பெண் குழந்தை.
நாங்கள் யோசித்தோம்... உங்கள் பெயர் என்ன?”
லியோபோல்டினா, என்றேன்.
கம்பியில் காற்று மட்டும், ஐந்து விநாடி.
குழந்தைக்கு ஐரீன் என்று வைத்தார்கள்.

டாக்டர் ஷிமெக் இன்றும் தெருவில்
எல்லாருக்கும் தொப்பியைத் தூக்குகிறார்.
எனக்குத் தூக்குவதில்லை.
நியாயம்தான்.
இரண்டு நிமிடம் பாக்கி வைத்திருக்கிறேன்.